மாணவி ‘அ’

ஜனவரி 12

இன்று வகுப்பில் சொதப்பிவிட்டேன். இதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

இரண்டாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல். ஆசிரியர் பயிற்சிக்காக இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றாலும் பாடக்குறிப்பை மூன்று முறை திருத்தி எழுதி வைத்திருந்தேன். ஐம்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று கேட்டேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நாற்பத்தைந்து என்றாள். என் குறிப்பில் முப்பத்தைந்துக்கு மட்டும்தான் அடுத்த வரி இருந்தது. “இல்லை” என்றேன். “ஏன் இல்லை மிஸ்? ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு” என்றாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

வகுப்பு டீச்சர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் சொன்னார்: “தப்பா சொல்ற பிள்ளைகிட்ட உனக்குப் பேசவே வரலைம்மா. வீட்டுல யார்கிட்டயாவது பேசிப் பழகிட்டு வா.”

பிறகு வழக்கம்போல ஓட்டம். நான்கு மணிக்குக் கண்ணாடிக் கடை. ஏழு வரைக்கும் ஃப்ரேம் எடுத்துக் காட்டி, மூக்கில் உட்காருகிறதா என்று பார்த்து, திருகு முடுக்கி. எனக்குத் தெரிந்த வேலை. அங்கே நான் திணறுவதில்லை.

ஜனவரி 13

வீட்டில் யார் இருக்கிறார்கள்? இவர் பேக்கரி வேலைக்கு நடுராத்திரி போக வேண்டியவர். மாலை ஆறு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். நான் வருவதற்குள் ஒரு தூக்கம் ஆகியிருக்கும். மிச்சம் என் மகள் குட்டிதான். அவளும் இரண்டாம் வகுப்பு, வேறு பள்ளி.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பில் பாடம் நடத்தினேன். கழித்தல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் கேட்டு முடிப்பதற்குள் முப்பத்தைந்து என்கிறாள். அப்படியானால் எனக்கு என்ன பழக்கம் வரும்? “நீ தெரியாத பிள்ளை மாதிரி நடிடா” என்றேன்.

“கொஞ்சமா தெரியாதா, ஒண்ணுமே தெரியாதா?”

கொஞ்சமாக என்றேன். கையை வாயில் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, “நாப்பத்தஞ்சா மிஸ்?” என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஜனவரி 21

இன்று முதல் பெஞ்சுப் பெண்ணுக்குப் புரிய வைத்துவிட்டேன். குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டி, ஒரு பத்தை உடைத்து. வகுப்பு டீச்சர் தலையாட்டினார். எல்லாம் குட்டியிடம் ஒத்திகை பார்த்ததுதான்.

கடையிலிருந்து வரும் வழியில் அண்ணி வீட்டுக்குப் போய்க் குட்டியைக் கூப்பிட்டேன். அண்ணி என்றால் இவருடைய அக்கா. பள்ளி விட்டதிலிருந்து நான் வரும்வரை குட்டி அவர் வீட்டில்தான். “ஆறரை ஆனா வாசலை விட்டு நகர மாட்டேங்குது. என் பேச்சு காதுல ஏறவே இல்ல. உனக்கு ஊர்ப் பிள்ளைங்க, எனக்கு உன் பிள்ளை. நல்ல பங்குதான்” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே கேட்டேன். படி இறங்கும்போது குட்டியின் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஜனவரி 30

ஜூன் மாதம் ஓர் இடம் காலியாகிறதாம். தலைமையாசிரியை கூப்பிட்டு, “சான்றிதழ் கைக்கு வந்துட்டா முதல்ல என்கிட்ட வா” என்றார். இவரிடம் சொன்னேன். “அப்போ நான் பகல் ஷிஃப்டு கேட்டுப் பார்க்கலாம்ல? சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லை” என்றார். மனிதர் முழு ராத்திரி தூங்கி ஆறு வருடமாகிறது.

பிப்ரவரி 5

அடுத்த சுமை வந்துவிட்டது. தனியாள் ஆய்வு. படிப்பில் பின்தங்கிய ஒரு குழந்தையைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து தேர்ந்தெடுத்து, தினமும் வகுப்பு முடிந்தபின் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, அதில் என்ன மாற்றம் தெரிகிறது என்று எழுத வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் சான்றிதழ் இல்லை.

வகுப்பு முடிந்தபின். அங்கேதான் இடிக்கிறது. மணி அடித்த மறுநிமிடம் நான் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 10

முதல் பெஞ்சுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்க்கொள்ளலாம். “நாளைக்கு ஸ்கூல் விட்டதும் இரு, நாம ரெண்டு பேரும் கணக்குப் போடலாம்” என்றேன். தலையை அவ்வளவு பெரிதாக ஆட்டினாள்.

பிப்ரவரி 11

கடையில் ஆள் இல்லை, சீக்கிரம் வா என்று முதலாளி கூப்பிட்டார். போய்விட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல மறந்தே போனேன்.

பிப்ரவரி 12

வகுப்பில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். காவலாளி வந்து வெளியே அனுப்பியிருக்கிறார். இன்று என்னைப் பார்த்து, “நேத்து நீங்க லீவா மிஸ்?” என்றாள். ஆமாம் என்றேன். பச்சைப் பொய், ஏழு வயதுப் பிள்ளையிடம்.

பிப்ரவரி 20

எழுத ஆரம்பித்துவிட்டேன். மாணவி ‘அ’. வயது ஏழு. கழித்தலில் தொடர்ந்து தவறு செய்கிறார்.

குட்டிதான் மாணவி ‘அ’.

நானாகத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. இரண்டு வாரமாக நான் நடிக்கச் சொல்லாதபோதும் அவள் தப்பாகத்தான் சொல்கிறாள். கழித்தல் மட்டுமில்லை, கூட்டலிலும். “இன்னிக்கு நடிக்க வேண்டாம்டா, நிஜமா போடு” என்றால், “நிஜமாத்தான் போட்டேன்” என்கிறாள். சரி, முன்பு சும்மா மனப்பாடமாகச் சொல்லியிருப்பாள், உள்ளே புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் வேலை சுலபமாகிவிட்டது. எனக்குப் பின்தங்கிய பிள்ளை ஒன்று வேண்டும். என் வீட்டிலேயே இருக்கிறது. தினமும் ஏழே கால் மணிக்குக் கிடைக்கிறது.

இதை எழுதிப் படித்துப் பார்க்கும்போது எனக்கே என்னவோ போல இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 26

அடுப்பை அணைக்க எழுந்தேன். திரும்புவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். சிலேட்டில் 35 என்று எழுதினாள். என் முதுகைப் பார்த்தாள். எச்சில் தொட்டு அழித்தாள். 45 என்று எழுதினாள்.

நான் எதையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 27

பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து, “பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் வழக்கம் மாணவியிடம் ஆழமாகப் பதிந்துள்ளது” என்று எழுதினேன். ஒப்படைக்க இன்னும் நாலே நாள். இப்போது வேறு பிள்ளைக்கு எங்கே போவேன்? கொடுத்து முடித்துவிட்டு அவளைச் சரிபண்ணிக்கொள்ளலாம். என் பிள்ளைதானே. எங்கே போய்விடப் போகிறாள்.

மார்ச் 3

கொடுத்தாயிற்று.

மார்ச் 11

பயிற்சிக் கல்லூரி வகுப்பில் விரிவுரையாளர் என் ஆய்வைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். சார் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. “ஒரு குழந்தையோட தப்பை இவ்வளவு பக்கத்துல இருந்து பார்த்து யாரும் எழுதினதில்லை” என்றார். அடுத்த வருடப் பயிற்சியாளர்களுக்கு மாதிரியாகக் காட்டப்போகிறாராம். மாத இறுதியில் பள்ளிக்கு மேற்பார்வைக்கு வரும்போது மாணவி ‘அ’வைப் பார்க்க வேண்டுமாம்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மார்ச் 17

குட்டியின் பள்ளியிலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். குட்டியின் டீச்சர் சின்ன வயதுப் பெண், தன்மையாகப் பேசுகிறவர். பரீட்சைத்தாள்களை மேஜையில் பரப்பினார். வருட ஆரம்பத்தில் எல்லாம் சரி. பிப்ரவரியிலிருந்து எல்லாம் தப்பு. கணக்கு மட்டுமில்லை, வாசிக்கச் சொன்னாலும் தட்டுத் தடுமாறுகிறாளாம்.

“மெதுவா கத்துக்கற பிள்ளைங்களுக்குத் தனிக் குழு ஒண்ணு இருக்கு. அதுல போடலாம்னு நினைக்கிறோம். மூணாம் வகுப்புக்கு அனுப்பறதும் யோசிக்கணும். அதுக்கு முன்னாடி கண்ணு ஒருதடவை காட்டிடுங்க” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்களும் டீச்சருக்குப் படிக்கறீங்கன்னு குட்டி சொன்னா. உங்களுக்கு நான் சொல்லணுமா?” என்றார்.

நான் அங்கே என்ன பேசினேன் என்றே நினைவில்லை. வெளியே வந்து பள்ளிச் சுவர் ஓரமாக நின்றேன். கடைக்குப் போகக் கால் வரவில்லை.

பாவி. நீயெல்லாம் ஒரு அம்மாவா? நாலு பேர் கைதட்டுறதுக்குப் பெத்த பிள்ளையை முட்டாளாக்கி வச்சிருக்கியே.

மார்ச் 18

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கண்ணைக் காட்டுவோம் முதலில். ஒருவேளை கண்தானோ? கண்ணாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைக்குப் பார்வைக் குறை இருக்கட்டும் என்று வேண்டுகிற அம்மா.

மார்ச் 21

சனிக்கிழமை. குட்டியைக் கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளி மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார். உள்ளே தெரிகிற பலூன் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பவர் ஒண்ணும் இல்லம்மா. இந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வித்தா எனக்குப் பாவம்” என்றார். அதற்குள் வேறு வாடிக்கையாளர் வந்துவிட, “எதுக்கும் பலகையை நீயே பார்த்துடு” என்று சொல்லிப் போனார்.

எண் பலகையை எரியவிட்டேன். முதல் வரியில் ஒரே ஓர் எண். உள்ளங்கை அளவு எட்டு. “மூணு” என்றாள். அடுத்த வரியும் தப்பு. அதற்கு அடுத்ததும்.

எத்தனையோ பேரை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். தெரியாதவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள், கழுத்தை நீட்டுவார்கள், பலகையை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டார்கள். குட்டி பலகையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் என் முகத்தைத்தான் பார்த்தாள். சரியாகச் செய்கிறேனா அம்மா என்று கேட்கிற முகம்.

விளக்கை அணைத்துவிட்டேன்.

மார்ச் 22

கேட்டேன். திட்டாமல் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேட்டேன்.

“குட்டி, உனக்குத் தெரியும்தானே? அப்புறம் ஏண்டா தப்பா எழுதறே?”

தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “கரெக்டா சொன்னா நீ எழுந்து போயிடுவே. துணி மடிக்கப் போயிடுவே. தப்பா சொன்னாத்தான் உக்காருவே.”

“அது வீட்டுல. ஸ்கூல்ல ஏன்?”

“எங்க மிஸ் உன்கிட்ட சொல்லிடுவாங்கல்ல, எனக்கு எல்லாம் தெரியும்னு.”

மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அழக் கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, “நான் நல்லா நடிச்சேனாம்மா?” என்று கேட்டாள். பெருமையாகத்தான் கேட்டாள்.

மார்ச் 25

மூன்று நாளாக ஒரே யோசனை. குட்டியின் டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், அதில் எனக்கு அவமானம் மட்டும்தான். ஆனால் விரிவுரையாளர்? அவரிடம் சொன்னால் ஆய்வு போச்சு, சான்றிதழ் போச்சு, ஜூன் மாத வேலை போச்சு. இவருடைய பகல் ஷிஃப்டும் போச்சு. சொல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும்? யாருக்கும் ஒரு சேதாரமும் இல்லை. இப்படித்தான் போன மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சார் முப்பதாம் தேதி வருகிறார்.

மார்ச் 28

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படுக்கப் போகிற நேரம். தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முதலில் கோபப்பட்டார், “பிள்ளையை வச்சா பண்ணே?” என்று. பிறகு களைத்துப்போன குரலில், “சரி விடு. அந்தப் பிள்ளை வேற ஸ்கூலுக்குப் போயிடுச்சுன்னு சார்கிட்ட சொல்லிடு. யாரு போய்த் தேடப் போறா?” என்றார்.

அவர் மேல் தப்பில்லை. எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

குட்டி கதவோரம் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். உள்ளே வந்து எங்கள் இருவர் நடுவில் நின்றாள். “ஏம்மா பொய் சொல்லணும்? நான் உங்க ஸ்கூலுக்கு வரேன். தெரியாத பிள்ளையா உக்காந்துக்கறேன். சார் கேட்டா கரெக்டா தப்பா சொல்றேன். உனக்கு வேலை கிடைச்சிடும்ல?”

இவர் தலையணையைக் கீழே வைத்தார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, “போய் உண்மையைச் சொல்லிடு” என்றார்.

“ஷிஃப்டு?”

“ஆறு வருஷம் பார்த்தவன் இன்னும் கொஞ்சம் பார்க்க மாட்டேனா? சொல்லிடு.”

மார்ச் 30

சொல்லிவிட்டேன். பள்ளி நூலக அறையில், சார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. “உன் ஆய்வை எத்தனை பேர்கிட்ட காட்டினேன் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். ஆய்வு செல்லாது. அடுத்த பருவத்தில் பள்ளிப் பயிற்சியும் ஆய்வும் திரும்பச் செய்ய வேண்டும். படிப்பிலிருந்தே நீக்காமல் விட்டது அவர் தயவு.

வகுப்பு டீச்சருக்கும் தெரிந்துவிட்டது. “வீட்டுல பேசிப் பழகுன்னு நான்தான் சொன்னேன். இப்படியா?” என்றார். அதற்கப்புறம் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

முதல் பெஞ்சுப் பெண் வாசல்வரை கூடவே வந்தாள். அவளுக்கும் ஒன்று பாக்கி இருந்தது. “அன்னிக்கு நான் லீவு இல்லடா. உன்னை மறந்துட்டுப் போயிட்டேன்” என்றேன். “தெரியும் மிஸ், காலையில வந்தீங்களே” என்றாள்.

ஏப்ரல் 2

குட்டியின் டீச்சரிடம் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அடுத்த வாரம் தனியாக உட்கார வைத்து இன்னொரு முறை எழுத வைக்கிறாராம்.

ஏப்ரல் 9

எழுதினாள். பாதி சரி, பாதி தப்பு. “வேணும்னு தப்பா எழுதினியா?” என்று கேட்டேன். “இல்லம்மா. எது கரெக்ட்டுனு எனக்கே மறந்துபோச்சு” என்றாள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏப்ரல் 10

அண்ணிக்கு இவர் சொல்லியிருக்கிறார். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அண்ணி என்னை உட்காரச் சொன்னார். “பிள்ளை தினமும் இங்கதான் வீட்டுப்பாடம் எழுதுது. நானும் கூடத்தான் இருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்க்கலையே” என்றார். ஏசியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

ஏப்ரல் 16

கடையில் வார நாள் வேலையை விட்டுவிட்டேன். சனி, ஞாயிறு மட்டும். முதலாளி முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். கையைக் கடிக்கும். கடிக்கட்டும்.

மே 4

கோடை விடுமுறை. தினமும் நான்கு மணிக்கு நானே குட்டியை அண்ணி வீட்டிலிருந்து கூட்டிவருகிறேன். பாடம் இல்லை. புத்தகமே எடுப்பதில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் துணி மடிக்கிறோம். அவள் மடிப்பதை அவளுக்குத் தெரியாமல் நான் திரும்ப மடிக்க வேண்டியிருக்கிறது.

சில நாள் பேச்சின் நடுவில் நிறுத்தி, “இது உனக்குப் பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்கிறாள். “உனக்குப் பிடிச்சிருக்காடா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுக்கிறேன்.

மே 29

மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு குறிப்பு: கண்காணிப்பு தேவை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதிவிட்டார்கள், அதுதான் தப்பு.

ஜூன் 8

அந்த இடத்துக்கு என்னோடு படித்த பெண் சேர்ந்துவிட்டாள். கெட்டிக்காரி. வாழ்த்துச் சொன்னேன். இவர் பேக்கரியில் பகல் ஷிஃப்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஜூலை 6

மறுபடி பயிற்சி, வேறொரு பள்ளி. இந்த முறை வகுப்பு முடிந்ததும் ஒரு பையனோடு அரை மணி நேரம் உட்காருகிறேன். குட்டியும் வந்து பின் பெஞ்சில் படம் வரைகிறாள். அந்தப் பையனுக்கு உண்மையாகவே கணக்கு வரவில்லை. ரொம்பக் கஷ்டம். மாணவி ‘அ’ எவ்வளவு அழகாக என் வசதிக்குத் தப்புச் செய்தாள் என்று இப்போதுதான் புரிகிறது.

ஜூலை 23

மாலை குட்டி பின்னம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா, எது பெரியது? நான்கில் ஒன்றை வட்டமிட்டிருந்தாள்.

மறுபடியுமா? “குட்டி, இதை இன்னொரு தடவை பாரு” என்றேன்.

“பார்த்துட்டேன்.”

“மூணுல ஒண்ணுதானே பெரிசு?”

நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. “எப்படி? நாலு பெரிசா, மூணு பெரிசா? நாலுதானே பெரிசு? அப்போ நாலுல ஒண்ணுதானே பெரிசா இருக்கும்?”

“இல்லடா—”

“நீ சொல்றதுதான் தப்பு. எங்க மிஸ்கிட்ட கேட்டுக்கோ. இதுகூடத் தெரியாம நீ எப்படிம்மா டீச்சராகப்போறே?”

வீடே அதிரக் கத்தினாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இவர் தலை கலைந்து எழுந்து வந்து, “என்ன சண்டை?” என்றார். “அம்மாவுக்குக் கணக்கே தெரியலப்பா” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கும் தூக்கம் போயிற்று. மூன்று பேரும் உட்கார்ந்து, ஏழரை மணிவரை அந்த ஒரே கணக்குக்குச் சண்டை போட்டோம்.